லயத்தில் ஒரு பிள்ளை தனியாகும்போது: புதிதாக உதவ வருபவர்களுக்கு

பெற்றவர்கள் இறந்துவிட்டால், கருமாதி வரைக்கும் லயமே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனமே, அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும். ஒரு வீட்டில் ரொட்டி, இன்னொரு வீட்டில் தேத்தண்ணி, பக்கத்துக் காம்பிரா அக்கா தலைவாரி விடுவார். பதினாறாம் நாள் முடிந்து, வெளித்தோட்டத்துச் சொந்தக்காரர்கள் பஸ் ஏறியதும், மறுநாள் காலையில் எல்லாரும் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, போய்விடுவார்கள். அன்றைக்குத்தான் பிள்ளைகள் உண்மையில் தனியாகிறார்கள். அதற்குள் சில முடிவுகளும் ஆகியிருக்கும். பெரியவள் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு, நடுவன் ஏதோ ஓர் இல்லத்துக்கு, கைக்குழந்தை பிள்ளையில்லாத ஒரு வீட்டுக்கு. பெரும்பாலும் யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. நாட்சம்பளத்தில் ஓடும் வீட்டில் இன்னும் மூன்று வாய் என்பது சின்ன விஷயமில்லை.

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முன்பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியர்கள், இளைஞர் மன்றத்துத் தம்பி தங்கைகள், கோயில் கமிட்டிக்காரர்கள், திடீரென்று பேரப்பிள்ளைகளைப் பொறுப்பெடுத்த அம்மாயிகள் என்று பலர் கேட்பது ஒன்றைத்தான்: "எங்கேயிருந்து தொடங்குறது?" அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையை முடிந்தவரை அதன் சொந்தங்களோடு வையுங்கள். பத்திரங்களைச் சரியாக்குங்கள். அதிகாரிக்கோ நீதிமன்றத்துக்கோ தெரியாமல் பிள்ளையை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றாதீர்கள். இனி வருவதெல்லாம் இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

இன்னொன்று. அம்மா அப்பா இரண்டு பேரும் இறந்த பிள்ளைக்கு மட்டும் சொல்லவில்லை. அம்மா வெளிநாட்டில், அப்பா குடியில். அப்பா இல்லை, அம்மா படுக்கையில். பெற்றோர் பிரிந்து ஆளுக்கொரு குடும்பமாகி, பிள்ளை பாட்டியிடம். நம் தோட்டங்களில் இப்படியான பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கும் பாதுகாப்புத் தேவை என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. "அநாதை" என்ற சொல்லைப் பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். அதற்குப் பெயர் இருக்கிறது, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள்

போனவுடனே கேள்வி கேட்க வேண்டாம். கொப்பியும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தால் பிள்ளை உள்ளே ஓடிவிடும். மூன்று விஷயங்களைக் கண்ணால் பாருங்கள்: இரவு எங்கே படுக்கிறது, யார் பக்கத்தில் படுக்கிறது, காலையில் என்ன சாப்பிட்டது. லயக் காம்பிரா சின்னது. ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கிற வீட்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்த மூலை கிடைத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிள்ளையைப் பொறுப்பெடுத்த பெண்ணிடம் தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். முகம் சுளித்துப் பேசினால் அந்த வீட்டுக் கதவு அப்புறம் உங்களுக்குத் திறக்காது.

மரணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டாம். "அம்மா கொழும்புக்குப் போயிருக்காங்க" என்று ஆறு வயதுப் பையனுக்குச் சொல்லி வைத்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அவன் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வராமல், மேல் ரோட்டில் பஸ் நிற்கிற வளைவில் போய் உட்கார்ந்துவிடுவான். இரண்டு மாதம் அப்படி உட்கார்ந்தான். மழைக்கும் எழும்ப மாட்டான். கடைசியில் அவனுடைய அம்மாயிதான் அவனைச் சமாதிக்குக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னார். அழுதான், காய்ச்சல் வந்தது, ஆனால் வளைவுக்குப் போவதை நிறுத்தினான். பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி, சின்னச் சொல்லில், உண்மையைச் சொல்லுங்கள். சடங்குகளிலிருந்தும் ஒதுக்காதீர்கள்.

நாள் போகப் போக அது பேசாமலே இருந்தால், படுக்கையை நனைத்தால், சாப்பிட மறுத்தால், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் கூட்டிப் போங்கள். ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் தேசிய மனநல நிறுவனத்தில் பேச ஆள் இருக்கிறார்கள்.

யாரிடம் போவது

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தோட்டத்துக்குள் ஓர் அதிகாரம், தோட்டத்துக்கு வெளியே ஓர் அதிகாரம் என்று நம் பக்கத்தில் இரண்டு இருக்கிறது. துரைக்கும் (தோட்ட மேலாளர்) நலன்புரி உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள், வீடு அவர்கள் கையில் இருக்கிறது. பிள்ளைக் காம்பிரா (வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் இடம்) அம்மாவிடம் கேளுங்கள், எந்தப் பிள்ளை மெலிந்திருக்கிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கிற அதிகாரம் தோட்ட நிர்வாகத்துக்கும் இல்லை, தொழிற்சங்கத் தலைவருக்கும் இல்லை. அது அரசாங்க அதிகாரிகளுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது.

முதலில் கிராம உத்தியோகத்தர். அடுத்து பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உத்தியோகத்தர். சட்டப்படி பிள்ளையின் வழக்கைக் கையில் எடுப்பவர் நன்னடத்தை உத்தியோகத்தர். "நன்னடத்தை" என்றதும் தப்புச் செய்த பிள்ளைகளுக்கானவர் என்று சனங்கள் பயப்படுகிறார்கள். அந்தத் திணைக்களத்தின் முழுப்பெயரே நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம்தான். பராமரிப்பும் அவர்களுடைய வேலை என்று விளக்கிச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு ஆபத்து என்றால் இந்த வரிசையெல்லாம் பார்க்கத் தேவையில்லை. 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டாக்கப்பட்ட சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. உடனே ஆள் வரவேண்டும் என்றால் பொலிஸ் 119. பொலிஸ் நிலையத்துக்கு நேரில் போனால், சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தைக் கேளுங்கள்.

யாரோடு பேசினாலும் திகதி, பெயர், பதவி, என்ன சொன்னார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். புதியவரிடம் மீண்டும் முதலிலிருந்து தொடங்காமல் இருக்க அந்தக் கொப்பிதான் கைகொடுக்கும். கடிதங்களைத் தமிழிலேயே எழுதலாம். தமிழில் பதில் கேட்பதும் உங்கள் உரிமை.

தகரப் பெட்டி

ஒவ்வொரு லய வீட்டிலும் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். கல்யாணச் சேலை, அடகுக்கடை ரசீது, பழைய சம்பளத் துண்டு, கிளினிக் கார்ட் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். வீட்டுப் பெரியவர்களின் முன்னால், அவர்கள் அனுமதியோடு, அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தேடவேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு. சம்பளத் துண்டையும் எறிந்துவிடாதீர்கள், அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

பிறப்பைப் பதிவது பிள்ளை பிறந்த இடத்தில், வசிக்கிற இடத்தில் அல்ல. நுவரெலியா ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பதிவு நுவரெலியாவில்தான் இருக்கும், குடும்பம் பொகவந்தலாவையில் இருந்தாலும். இது தெரியாமல் வேறு பிரதேச செயலகத்தில் தேடிவிட்டு "பதிவே இல்லை" என்று திரும்பி வந்தவர்கள் பலர். முதலில் கிளினிக் கார்டைப் பாருங்கள், பிறந்த இடமும் திகதியும் அதில் இருக்கும்.

பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டியிருந்தால் காலங்கடந்த பதிவு என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கூடுதல் சான்றுகள் கேட்பார்கள். முன்பள்ளிப் பதிவு, கோயிலிலோ தேவாலயத்திலோ உள்ள குறிப்பு, தடுப்பூசி அட்டை, சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம் என்று கிடைக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டு போங்கள். பதிவே கிடைக்காத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. ஆனால் அது கடைசி வழி. பிள்ளையின் பெற்றோர் யார் என்பதற்கு அது சான்றாகாது.

அதிகம் இழுத்தடிப்பது பெயர்தான். அம்மாவின் அடையாள அட்டையில் "முத்துலெச்சுமி", விவாகச் சான்றிதழில் "முத்துலட்சுமி", பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் எழுதி மீண்டும் தமிழாக்கியதில் மூன்றாவதாக ஒரு பெயர். இறந்தவர் வந்து "மூன்றும் நான்தான்" என்று சொல்ல முடியாது. அதனால் மரணச் சான்றிதழ் எழுதும்போதே ஒருவர் பக்கத்தில் இருந்து, அடையாள அட்டையில் உள்ள எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடக் கவனம் பின்னால் பத்து மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். ஏற்கெனவே பிழையிருந்தால், திருத்தம் கேட்டு பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பள்ளிக்கூடம் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டுக்குள் இருந்த ஒரு காகிதமும் இல்லை. மலைச்சரிவில் வாழும் நாம் பத்திரங்களை ஒரே கூரைக்கடியில் வைக்கக்கூடாது.

நம் சனங்களுக்குப் பத்திரத்தின் அருமை யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1948இல் பறிபோன பிரஜாவுரிமை, எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முழுதாகக் கிடைத்தது. அப்படிப்பட்ட பரம்பரையில் வந்த ஒரு பிள்ளை இன்றைக்கும் சான்றிதழ் இல்லாமல் வளர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

பிள்ளைக்குச் சேரவேண்டிய பணம்

சம்பளத் துண்டு இதற்குத்தான். இறந்த அம்மாவோ அப்பாவோ செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேடு) பெயர் இருந்தவர் என்றால், அவருக்கு ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் இருக்கும். அங்கத்துவ இலக்கம் அந்தத் துண்டில் இருக்கும். ஐந்து வருடம் வேலை செய்திருந்தால் பணிக்கொடையும் உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்குச் செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். இறந்தாலும் அந்த உரிமை போகாது, வாரிசுகளுக்கு வரும். பிள்ளைகளும் வாரிசுகள்தான்.

தோட்டக் கந்தோரில் எழுத்து மூலம் கேளுங்கள். தொழில் திணைக்களத்தின் கிளை அலுவலகத்திலும் கேளுங்கள். அந்த நிதியைப் பெற இறந்தவர் யாருடைய பெயரைக் கொடுத்திருந்தார் என்பதையும் விசாரியுங்கள், கல்யாணத்துக்கு முன் தம்பியின் பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் உண்டு. ஒரு தோட்டத்தில் மூன்று பிள்ளைகளின் அம்மா இறந்து நான்கு வருடம் யாருமே இதைக் கேட்கவில்லை. அந்தப் பணத்தை எடுத்தபோது மூத்தவள் படிப்பை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

பிள்ளையின் பங்கு பிள்ளையின் பெயரில் வங்கியில் இருக்கட்டும். அதை எடுத்துக் கூரைத் தகரம் மாற்ற ஒரு சித்தப்பாவுக்கு ஆசை வரும், அவரிடம் பக்குவமாகப் பேசி மறித்துவிடுங்கள். சொந்தங்களுக்குள் தகராறு என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.

மாதச் செலவுக்கு அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணம் கிடைக்கிறதா என்று பாருங்கள். வீட்டுத் தலைவர் இறந்தால் விபரத்தை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நின்றுபோகலாம். நன்னடத்தைத் திணைக்களத்தின் "செவன சரண" வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தில் பிள்ளைக்கு மாதாந்தம் ஒரு தொகை வரும்படி பதியலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில், பெற்றோரை இழந்து இல்லங்களிலும் உறவினரிடமும் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் அறிவித்தார்கள். அதில் இந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று சிறுவர் உரிமை உத்தியோகத்தரிடம் விடாமல் கேளுங்கள்.

எந்த வீட்டில் வளர்வது

என் மனதில் இன்றும் கனக்கிற ஒரு தவறு இருக்கிறது. வேலைக்குப் புதிதில் ஓர் அக்காவையும் தம்பியையும் இல்லத்தில் சேர்க்க நானும் கூடவே போனேன். பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், ஆண்பிள்ளைகளுக்கு வேறு ஊரில் இன்னோர் இல்லம். நல்ல சாப்பாடு, நல்ல கட்டில், சப்பாத்து எல்லாம் இருந்தது. மூன்று மாதம் கழித்து அக்காவைத் தம்பியைப் பார்க்கக் கூட்டிப் போனேன். அவன் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து காகிதத்தில் சுற்றிய மாரி பிஸ்கட்டுகளை எடுத்து அவளிடம் நீட்டினான். தேத்தண்ணியோடு கொடுப்பதில் ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறான், பாதி தூளாகிவிட்டது. அவளுக்கு அதை வாங்கக் கை வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அதே தோட்டத்தில் ஓர் அத்தை இருந்தார். அவரிடம் போய் "என்ன உதவி கிடைத்தால் இவர்களை வைத்திருப்பீர்கள்?" என்று நான் கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வியை நீங்கள் முதலில் கேளுங்கள். அம்மாயி, அப்பாயி, பெரியம்மா, மாமா, அத்தை என்று எல்லாப் பெயரையும் எழுதி, ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். ஒரு மூட்டை அரிசியும் இன்னொரு மெத்தையும் கிடைத்தால் போதும் என்பதுதான் பல வீடுகளின் பதில். நாட்டின் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். பலரை அங்கே கொண்டுபோய் விட்டது வறுமை. பிள்ளையிடமும் கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் எந்த வீட்டில் பயமில்லாமல் தூங்கலாம் என்று தெரியும்.

சொந்தத்தில் பாதுகாப்பான வீடு இல்லை என்றால், 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளைஞர் கட்டளைச் சட்டப்படி நன்னடத்தை உத்தியோகத்தரோ பொலிசாரோ நீதவானிடம் பிள்ளையை முன்னிலைப்படுத்துவார்கள். தகுதியான ஒருவரிடம் ஒப்படைக்க நீதவான் கட்டளையிடலாம், அந்த ஒருவர் உறவினராகவும் இருக்கலாம். இல்லம்தான் என்று முடிவானால் நான்கு விஷயங்களைக் கேட்காமல் விடாதீர்கள்: மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தில் பதிந்த இல்லமா, சகோதரங்கள் ஒன்றாக இருக்க முடியுமா, தமிழ்மொழிப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா, உறவினர் வந்து பார்க்கலாமா. தமிழ் படித்த பிள்ளையைத் திடீரென்று வேறுமொழி வகுப்பில் உட்காரவைத்தால் அது இரண்டாம் தடவை வீட்டை இழக்கிறது.

எழுதிக் கொடுப்பது, வேலைக்கு அனுப்புவது

முத்திரை ஒட்டிய கடதாசியில் "பிள்ளையை இன்னாருக்குக் கொடுக்கிறோம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது இன்னும் நடக்கிறது. அது தத்தெடுத்தல் ஆகாது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும். பொதுவாக, தத்தெடுப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும். நெருங்கிய உறவினர் சிலருக்கு இதில் தளர்வு உண்டு. பிள்ளைக்குப் பத்து வயதுக்கு மேல் என்றால் அதன் சம்மதமும் வேண்டும். 1980களில் இலங்கைக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். பலரின் பத்திரங்கள் பொய்யானவை, காட்டப்பட்ட தாயே உண்மையான தாயில்லை. இன்று வளர்ந்து பெரியவர்களாகி வந்து, அம்மாவைத் தேடி அலைகிறார்கள்.

வேலைக்கு அனுப்பும் விஷயத்தில் இடமே கொடுக்காதீர்கள். 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்தினார்கள். கட்டாயக் கல்வியும் 16 வரைதான். அதே 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன டயகமத் தோட்டத்துப் பிள்ளையொன்று தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. அந்த நாட்களில் நம் பக்கத்தில் அழாத லயம் இல்லை. ஆனாலும் தரகர்கள் வருவது நிற்கவில்லை. "நல்ல வீடு, படிக்க வைப்பாங்க" என்றுதான் தொடங்குவார்கள். தரகர் வந்துபோன தகவல் கிடைத்த அன்றே 1929க்குச் சொல்லுங்கள்.

பிள்ளை ஒன்றைச் சொன்னால்

அடி, பாலியல் தொந்தரவு என்று பிள்ளை வாய் திறந்தால், அமைதியாகக் கேளுங்கள். "உண்மையாவா?" என்று கேட்காதீர்கள். திரும்பத் திரும்ப விபரம் தோண்டாதீர்கள். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் பண்ணாதீர்கள், உங்களால் காப்பாற்ற முடியாத சத்தியம் அது. "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். சம்பவம் சமீபத்தில் நடந்திருந்தால் குளிக்க வைக்காமல், உடுப்பைத் துவைக்காமல், உடனே பொலிசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் கொடுக்க 1999இலிருந்தே சட்டம் இடம் தருகிறது, அந்த ஏற்பாடு கிடைக்குமா என்று கேளுங்கள்.

தோட்டத்துக்குள்ளேயே பேசித் தீர்ப்பது, குற்றம் செய்தவரிடம் காசு வாங்கிக் கொடுப்பது, பிள்ளையை அவருக்கே கட்டிக்கொடுக்கப் பேசுவது, இதில் எதற்கும் நீங்கள் சாட்சியாகக்கூட உட்காரக் கூடாது. மானம் போய்விடும் என்பார்கள். போகவேண்டியது செய்தவனுடைய மானம்.

பள்ளிக்கூடமும் போட்டோவும்

அதிபரிடமும் வகுப்பாசிரியரிடமும் மட்டும் நிலைமையைச் சொல்லுங்கள், வகுப்பு முழுக்கத் தெரியவேண்டாம். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. சப்பாத்தும் குடையும்தான் பெரும்பாலும் குறை. மழைக்காலத்தில் நனைந்த சப்பாத்துக்காகவே வாரக்கணக்கில் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் மாற்றினால் விடுகைப் பத்திரம் வாங்க மறக்காதீர்கள்.

உதவி கொடுக்க வருபவர்கள் போட்டோ எடுக்கக் கேட்பார்கள். அரிசி மூட்டையைப் பிடித்தபடி பிள்ளையை நிறுத்திப் பேஸ்புக்கில் போடுவதற்கு நான் சம்மதிப்பதில்லை, அதனால் நின்றுபோன உதவிகளும் உண்டு. பத்து வருடம் கழித்து அந்தப் பெண் வேலைக்கான நேர்முகத்துக்குப் போகும்போதும் அந்தப் படம் இணையத்தில் கிடக்கும். கொடுத்ததற்குக் கணக்கு வேண்டுமென்றால் ரசீது கொடுங்கள்.

தொடர்ந்து போவது

முதல் மாதம் வாரம் ஒரு தடவை, அப்புறம் மாதம் ஒரு தடவை. சொல்லிக்கொண்டும் போங்கள், சொல்லாமலும் போங்கள். வருடத்துக்கு ஒரு முறை பத்திரங்களை எடுத்து என்ன குறைகிறது என்று பாருங்கள். 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், சாதாரண தரப் பரீட்சைக்கு அது வேண்டும். விண்ணப்பம் பெரும்பாலும் பள்ளிக்கூடம் வழியாகவே போகும். அப்போதும் பிறப்புச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். 18 ஆனதும் வங்கிப் புத்தகத்தையும், பத்திரங்களையும், இத்தனை வருடம் எழுதிய அந்தக் கொப்பியையும் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, ஒவ்வொன்றும் என்னவென்று உட்கார்ந்து விளக்குங்கள்.